அறையெடுத்துத் தங்கும் தம்பிகளுக்கு: முதலில் சோறும் ரசமும்

சென்னையில் வேளச்சேரி, பெருங்குடி, துரைப்பாக்கம் பக்கம் நாலைந்து பேராக வீடெடுத்துத் தங்கும் பையன்கள் பலருக்கு ராத்திரிச் சாப்பாடு போனில்தான் வருகிறது. இதுவரை அம்மா சமைத்தார், இனி வரப்போகிறவள் சமைப்பாள், நடுவில் சில வருடங்களை எப்படியாவது ஓட்டிவிடலாம் என்ற நினைப்பு எனக்குப் பிடிக்கவில்லை. தன் வயிற்றுக்குச் சமைக்க ஆணுக்கும் தெரிந்திருக்க வேண்டும். எடுத்த எடுப்பில் பிரியாணி வேண்டாம். சோறும் ரசமும் கைவரட்டும்.

முதலில் அடுப்பு. கேஸ் இணைப்பு இல்லாத வீடென்றால் 5 கிலோ சிலிண்டர் வாங்கலாம். முகவரிச் சான்று தேவையில்லை, அடையாள அட்டை போதும். மேன்ஷன் அறை என்றால் சமைக்க விடுவார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். 3 லிட்டர் குக்கர், ஒரு பாத்திரம், தாளிப்புக் கரண்டி, கத்தி. இவ்வளவுதான் சாமான்.

அடுத்து சோறு. இரண்டு பேருக்கு ஒரு டம்ளர் பொன்னி புழுங்கல் அரிசி. இரண்டு முறை களைந்து, 20 நிமிடம் ஊறவைத்து, அதே டம்ளரால் 3 டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். மூடியில் கேஸ்கட் என்ற ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, ஆவி போகும் துளை அடைக்காமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள். 4 விசில் வந்ததும் அணைத்துவிடுங்கள். ஆவி தானாக அடங்கும் வரை மூடியில் கை வைக்கவே கூடாது. இதில் மட்டும் அவசரம் ஆகாது.

இப்போது ரசம். அரிசி ஊறும்போதே நெல்லிக்காய் அளவு புளியைச் சுடுதண்ணீரில் போட்டுவிடுங்கள். ஒரு டீஸ்பூன் மிளகு, ஒரு டீஸ்பூன் சீரகம், 4 பல் பூண்டு மூன்றையும் ஒன்றிரண்டாகத் தட்டுங்கள். மிக்ஸி இல்லாவிட்டால் டம்ளரின் அடிப்பாகமே போதும். புளியைக் கரைத்து வடிகட்டி, அதில் பழுத்த தக்காளி இரண்டைக் கையாலேயே பிசைந்து விடுங்கள். மஞ்சள்தூள், பெருங்காயம், உப்பு சேர்த்து அடுப்பில் வையுங்கள்.

புளியின் பச்சை வாசனை போகும் வரை நன்றாகக் கொதிக்கட்டும். பக்கத்தில் நின்று முகர்ந்து பாருங்கள், மூக்கே சொல்லிவிடும். அப்புறம் தட்டியதைப் போட்டு, இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றி, தீயைக் குறையுங்கள். இனி அங்கே இங்கே போகாதீர்கள். முதலில் ஓரத்தில் நுரை கட்டும், பிறகு மெல்ல நடுவுக்குக் கூடி மஞ்சளாகப் பொங்கி வரும். தளதளவென்று கொதிக்கும் முன்பே அணைத்துவிட வேண்டும். விட்டால் மணம் போய்க் கசப்புத் தட்டும். ரசத்தின் ருசி முழுக்க அந்த நொடியில் இருக்கிறது.

கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டு மூடுங்கள். ஒரு ஸ்பூன் நெய்யில் கடுகு வெடித்ததும் காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். கறிவேப்பிலையில் ஈரமிருந்தால் நெய் தெறிக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். தொட்டுக்கொள்ள அப்பளம் போதும்.

மிஞ்சிய சோற்றை விடிய விடிய வெளியே வைக்காதீர்கள். சென்னை வெக்கைக்குச் சீக்கிரம் கெடும், கிருமி வளர்ந்து நஞ்சும் உண்டாகும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும்.

ஒருவரே தினமும் அடுப்படியில் நிற்கும்படி விட்டுவிடாதீர்கள். சமைக்கிறவர், நறுக்குகிறவர், பாத்திரம் கழுவுகிறவர் என்று முறை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். ரசம் பழகியதும், வெந்த துவரம்பருப்பு ஒரு கரண்டி கரைத்து ஊற்றிப் பருப்பு ரசம் வையுங்கள். அதற்கடுத்தது சாம்பார்.