போர்டு பிளாக் பால்வாடியின் கதையை எழுதப் போகிறீர்களா? இப்படித் தொடங்குங்கள்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். போர்டு பிளாக் என்றால் குடிசை மாற்று வாரியம் கட்டிய மாடிக் குடியிருப்பு. கட்டடம் அந்த வாரியத்துடையது, ஜனங்கள் பால்வாடி என்று சொல்லும் அங்கன்வாடி வேறொரு துறையுடையது. சென்னையில் குடிசை மாற்று வாரியம் 1970இல் வந்தது, மாடி பிளாக்குகள் அதற்குப் பிறகு எழுந்தன. அங்கன்வாடித் திட்டமோ 1975 அக்டோபர் 2இல், நாடு முழுக்க வெறும் 33 இடங்களில் சோதனையாகத்தான் தொடங்கியது. அதனால் "பிளாக் கட்டின நாள்லேர்ந்தே பால்வாடி இருக்கு" என்று ஒரு பெரியவர் அடித்துச் சொன்னால் மறுத்துப் பேசாதீர்கள், அப்போது அதை நடத்தியது யார் என்று மட்டும் கேளுங்கள். ஏதோ ஒரு தொண்டு அமைப்பு நடத்தியதாக இருக்கலாம், மாநகராட்சியாக இருக்கலாம். ஜனங்களுக்கு எல்லாமே பால்வாடிதான்.

திறப்பு விழாக் கல் இருந்தால் இன்றே போட்டோ எடுங்கள். பழைய பிளாக்குகளைப் பல இடங்களில் இடித்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், கல்லும் சேர்ந்து போய்விடும். ஆனால் அதிலுள்ள தேதியை அப்படியே நம்ப வேண்டாம். அது அந்த அறையைத் திறந்த தேதி. பால்வாடி அதற்கு முன் தரைத்தளத்தில் ஒரு வீட்டிலோ தகரக் கொட்டகையிலோ நடந்திருக்கலாம்.

உண்மையான சரக்கு ஓய்வுபெற்ற ஆயாக்களிடம் இருக்கிறது. டீச்சர் மாறுதலில் போய்விடுவார், ஆயா பெரும்பாலும் அக்கம்பக்கத்துக்காரர். "எந்த வருஷம் சேர்ந்தீங்க?" என்று கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது, எனக்கும்தான் இருக்காது. சோற்றைப் பற்றிக் கேளுங்கள். எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் 1982 ஜூலை 1இல் கிராமப்புறங்களில் தொடங்கி, அதே ஆண்டு செப்டம்பர் 15இல் நகரங்களுக்கு வந்தது. 1989இல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. ஆக, "நீங்க சேர்ந்தப்போ முட்டை இருந்துச்சா? விறகு அடுப்பா, கேஸா? சுனாமிக்கு முன்னாடியா, அப்புறமா?" என்று கேட்டாலே காலம் ஏறக்குறைய பிடிபட்டுவிடும். கூடவே இன்னும் இரண்டு அம்மாக்களை உட்கார வையுங்கள், ஒருவரை ஒருவர் திருத்திக்கொள்வார்கள்.

அம்மாக்களிடம் கேட்க வேண்டியது வேறு: பால்வாடி விட்ட பிறகு பிள்ளையை யார் பார்த்துக்கொண்டார்கள்? வீட்டு வேலைக்கும் மீன் விற்கவும் போகிறவர்களுக்கு அந்த நேரம் போதாது, மீதி நேரத்தைப் பாட்டியோ அக்காவோதான் சுமந்திருப்பார்கள். அதை விட்டுவிட்டு எழுதும் பால்வாடி வரலாறு, என்னைக் கேட்டால், பாதிதான்.

கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுப் பகுதி என்றால் கதையை அங்கே தொடங்காதீர்கள். முன்பு எந்தக் கரையில், எந்தக் குப்பத்தில் இருந்தார்கள், அங்கே பால்வாடி எவ்வளவு தூரம், இங்கே வந்த பிறகு எத்தனை மாதம் பால்வாடி இல்லாமல் இருந்தார்கள் என்று கேளுங்கள்.

பழைய எடை அட்டைகள் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி அட்டை, பச்சை, மஞ்சள், ஆரஞ்சுப் பட்டைகள் என்றால் அது உலக சுகாதார நிறுவனத்தின் புதிய அளவுகோல் வந்த பிறகானது. அந்த அளவுகோல் 2006இல் வெளியாகி, அதற்கப்புறம்தான் இங்கே அங்கன்வாடிகளுக்கு வந்தது. ஆனால் பிள்ளைகளின் பெயரையும் எடையையும் எழுத்தில் கொண்டு வரவே வேண்டாம், அந்தப் பிள்ளைக்கு இன்று முப்பது வயதாகி அதே தெருவில் குடியிருக்கலாம்.

அப்புறம் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி இரண்டு மனு போடுங்கள். ஒன்று வாரியத்துக்கு, அதன் பெயர் 2021இலிருந்து தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். இன்னொன்று அங்கன்வாடியை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் துறைக்கு. "ஏன்" என்று கேட்டால் பதில் வராது. "இந்த மையம் தொடங்கிய ஆணையின் நகல், இடம் ஒதுக்கிய கடிதத்தின் நகல்" என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். தங்கள் அலுவலகத்தில் இல்லையென்றால் அவர்களே ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அனுப்பியாக வேண்டும். "கோப்பு இல்லை" என்று வந்தால் அதையும் எழுத்துபூர்வமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் கட்டுரையில் அதற்கும் ஒரு பத்தி உண்டு.

எழுதி முடித்ததும் அச்சிடும் முன்பு அந்த ஆயாவுக்கே படித்துக் காட்டுங்கள்.