வீட்டை விற்ற பணம் தாமதமில்லாமல் கைக்கு வர: முதன்முறை விற்பவர்களுக்கு

கடந்த ஆண்டு தாம்பரத்துக்கு அருகில் இருந்த எங்கள் அடுக்குமாடி வீட்டை விற்றோம். பத்திரப்பதிவு ஒரு வெள்ளிக்கிழமை முடிந்தது. விலையில் பெரும்பகுதி, வாங்கியவரின் வீட்டுக்கடனிலிருந்து வரவேண்டியது. அது எங்கள் கணக்கில் ஏறியபோது 41 நாட்கள் கடந்திருந்தன. அத்தனை நாளும் வீடும் எங்களுடையதில்லை, பணமும் எங்களிடமில்லை. அப்பா தினமும் காலையில் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய்வந்தார். வேறு யாருக்கும் அந்த நிலை வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

விலை பேசுவது, முன்பணம் வாங்குவது, விற்பனை ஒப்பந்தம் போடுவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதற்கு அடுத்த கட்டத்திலிருந்து தொடங்குகிறேன்.

படி 1: வில்லங்கச் சான்றை நீங்களே பாருங்கள்

ஒரு சொத்தின் மீது பதிவான ஆவணங்களின் பட்டியல்தான் வில்லங்கச் சான்று. நாங்கள் தடுக்கி விழுந்த இடம் இதுதான். எங்கள் வீட்டுக்கடனை 2019-இலேயே அடைத்துவிட்டோம். மூலப்பத்திரமும் நிலுவையில்லாச் சான்றும் கையில் இருந்தன. அதோடு எல்லாம் முடிந்தது என்று நம்பினோம். ஆனால் கடன் வாங்கிய நாளில், உரிமை ஆவணங்களை வங்கியிடம் ஒப்படைத்ததற்கான ஒப்பந்தம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருந்தது. கடனை அடைத்தால் அது தானாக நீங்காது. வங்கியின் அதிகாரி வந்து, கடன் தீர்ந்தது என்று காட்டும் ‘ரசீது’ ஆவணம் ஒன்றைப் பதிவு செய்து தர வேண்டும். அதை யாரும் செய்யவில்லை.

வாங்கியவரின் வங்கி வழக்கறிஞர், ‘ரசீது பதிவான பின்பே கடன் தொகையை விடுவிக்கலாம்’ என்று தம் அறிக்கையில் ஒரு வரி எழுதியிருந்தார். அந்த அறிக்கை எங்கள் கண்ணில் படவே இல்லை. பதிவு முடிந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. நாங்கள் கடன் வாங்கிய கிளை அதற்குள் இன்னொரு கிளையோடு இணைக்கப்பட்டிருந்தது. கையெழுத்திட அதிகாரம் உள்ளவர் யார் என்று கண்டுபிடிக்கவே 12 நாட்கள் போயின.

ஆகவே, விளம்பரம் கொடுக்கும் முன்பே பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றைத் திறந்து பாருங்கள். பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. தரகர் கொண்டுவரும் நகலை நம்பாமல், வீடு வாங்கிய ஆண்டுக்கும் முன்னாலிருந்து நீங்களே தேடுங்கள். ரசீது பதிவான பிறகும் பழைய பதிவு அழியாது. ரசீதும் இன்னொரு பதிவாகச் சேரும். அது போதும்.

இன்னும் கடன் பாக்கி இருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. 2023 டிசம்பர் 1 முதல், கடன் முழுதும் அடைந்த 30 நாட்களுக்குள் மூல ஆவணங்களைத் திருப்பித் தந்து, சொத்தின் மீது பதிவான கடன் பொறுப்பையும் நீக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. வங்கியின் காரணத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். கேட்கத் தயங்காதீர்கள்.

படி 2: பணம் வரும் வழியை எழுத்தில் வாங்குங்கள்

வாங்குபவரின் வங்கியிடம் மூன்று கேள்விகள்: தொகை வரைவோலையாக (டிடி) வருமா, ஆர்டிஜிஎஸ் (வங்கிக் கணக்குகளுக்கிடையே உடனடிப் பணப்பரிமாற்றம்) மூலம் வருமா? பதிவன்றே கையில் தருவார்களா, பத்திரம் வந்த பிறகா? வழக்கறிஞர் அறிக்கையில் நிபந்தனை ஏதும் உண்டா? மூன்றுக்கும் மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். கிளையில் வாய்மொழியாகச் சொன்னவர் அடுத்த வாரம் மாறுதலாகிப் போயிருப்பார்.

என் விருப்பம், பதிவன்று கையில் வரைவோலை. பதிவுக்கு முன்பே அதன் எண்ணைச் சொல்லி, வழங்கிய கிளையில் சரிபார்த்துவிடலாம். வாங்குபவர் சொந்தமாகத் தரும் பங்குக்கு ஆர்டிஜிஎஸ் நல்லது. அது எந்த நாளும் எந்த நேரமும் இயங்குகிறது. பின்தேதியிட்ட காசோலை வேண்டவே வேண்டாம். ரொக்கமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ வாங்கினால் அதே அளவு அபராதம் வரக்கூடும்.

படி 3: ‘முழுத்தொகையும் பெற்றுக்கொண்டேன்’ என்ற வரி

பத்திர வரைவில் இந்த வரியை வழக்கமாகச் சேர்த்துவிடுவார்கள். பணம் வராமல் அதில் கையெழுத்திடாதீர்கள். வரவேண்டிய பாக்கி, எந்த வங்கி, எந்த வரைவோலை எண் என்று தனித்தனியே எழுதச் சொல்லுங்கள். விலை முழுதும் வரவில்லை என்றாலும் பத்திரம் பதிவாகிவிட்டால் உரிமை மாறிவிடுகிறது. அதற்காகப் பத்திரத்தை ரத்து செய்ய முடியாது, பாக்கியை வசூலிக்கத்தான் வழக்குப் போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பாக்கித் தொகைக்கு அந்தச் சொத்தின் மீது விற்றவருக்குப் பொறுப்புரிமை (அந்தச் சொத்திலிருந்தே பாக்கியை வசூலிக்கும் உரிமை) உண்டு, உண்மைதான். ஆனால் அதை நிலைநாட்ட நீதிமன்றப் படியேற வேண்டும்.

சாவியைப் பணம் கணக்கில் ஏறிய பிறகு கொடுங்கள். ஒப்பந்தத்திலேயே அப்படி எழுதிவிட்டால் மனக்கசப்பு வராது.

படி 4: ஒரு சதவீத வரிப்பிடித்தம்

விலை 50 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், வாங்குபவர் 1 சதவீதம் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தருவார். அது உங்கள் வரிக்கணக்கில் வரவாகிறதா என்று அடுத்த இரண்டு மாதங்கள் பார்த்துக்கொண்டிருங்கள்.

பிறகு சேர்த்தது: இதைப் படித்த ஒருவருக்கு 20 சதவீதம் பிடித்துவிட்டார்கள். ஆதாரோடு இணைக்காததால் அவருடைய பான் செயலிழந்திருந்தது. விற்கத் தீர்மானித்த அன்றே இதைச் சரிபாருங்கள். கூட்டு உரிமையாளர்கள் ஒவ்வொருவருக்கும் பாருங்கள்.

இன்னொன்று: வெளிநாட்டில் இருப்பவர் விற்றால் என்ன செய்வது என்று சிங்கப்பூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருந்தார். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால் 1 சதவீதமும் பொருந்தாது, 50 லட்ச வரம்பும் பொருந்தாது, பிடித்தம் மிக அதிகம். குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழை வருமானவரித் துறையிடம் பதிவுக்கு முன்பே வாங்கிவிட வேண்டும். அந்தச் சகோதரிக்கு என் பதில் இதுதான்: சான்றிதழ் கைக்கு வந்த பிறகு பதிவுத் தேதியைக் குறியுங்கள்.