'அனுபவம் இல்லை' என்று எழுதாதீர்கள்

நாகர்கோவில் பக்கம் படித்து முடித்த பிள்ளைகள் சிலருக்கு ரெஸ்யூம் திருத்திக் கொடுத்தேன். பெரும்பாலும் எல்லாவற்றிலும் மேலே ஒரே வரி: "நல்ல நிறுவனத்தில் சேர்ந்து என் திறமையை வளர்த்துக்கொள்ள விரும்புகிறேன்." வேலை கொடுப்பவர் தேடுவது உங்களால் அவருக்கு என்ன ஆகும் என்பதை. அந்த இடத்தில் அதை எழுதுங்கள்.

தோவாளைப் பூச்சந்தையில் அப்பாவின் கடைக் கணக்கை 3 வருடம் பார்த்த ஒரு தங்கை, 'அனுபவம் இல்லை' என்று எழுதியிருந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. உட்கார்ந்து பேசினோம். கடனுக்குப் பூ வாங்கிப்போகிறவர்களின் பற்று வரவை நோட்டிலிருந்து எக்செலுக்கு மாற்றியதே அவள்தான். இப்போது முதல் வரி இது: "40 வியாபாரிகளின் பற்று வரவை எக்செலில் பராமரித்தேன், வாரந்தோறும் நிலுவைப் பட்டியல் கொடுத்ததால் வசூல் தள்ளிப்போகவில்லை." என்ன செய்தாள், எவ்வளவு, அதனால் என்ன நடந்தது, மூன்றும் வந்துவிட்டது. எண் மட்டும் உண்மையாக இருக்க வேண்டும். இன்டர்வியூவில் அதைத்தான் தோண்டிக் கேட்பார்கள்.

அப்புறம், களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு மலையாளம் சரளமாக வரும். அதைக் கடைசிப் பக்கத்தில் 'தெரிந்த மொழிகள்' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். திருவனந்தபுரத்திலோ கொச்சியிலோ வாடிக்கையாளரிடம் பேசுகிற வேலை என்றால் அது மேலேயே வரட்டும். பேச மட்டும் தெரியுமா, வாசிக்கவும் எழுதவும் வருமா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.