மணல் ஸ்கூப்புக்கு மடங்காத காம்பு போடுறது எப்படி

பெர்த்ல காட்டஸ்லோ பீச், முட்டியளவு தண்ணி, மெட்டல் டிடெக்டர்ல நல்ல சிக்னல். ஸ்கூப்பை (மணலை அள்ளிச் சலிக்கிற, ஓட்டை போட்ட ஸ்டெயின்லெஸ் கூடை) காலால மிதிச்சு இறக்கிட்டு காம்பைப் பின்னாடி சாய்ச்சேன், மணல் வரல, காம்புதான் வந்துச்சு. ஸ்கூப்போட கூடவே வந்த அலுமினிய பைப், சாக்கெட் (ஸ்கூப்ல காம்பு சொருகுற குழாய்) வாய்கிட்ட அப்படியே மடங்கிடுச்சு. (சிக்னல் என்னன்னு கேக்காதீங்க, கூடாரம் அடிக்கிற ஆணி.)

ஏன் அந்த இடத்துல மடங்குதுன்னு புரிஞ்சுக்கிட்டா மீதி வேலை ஈஸி. ஈர மணல் லிட்டருக்கு கிட்டத்தட்ட 2 கிலோ, நாலு லிட்டர் ஸ்கூப்னா 8 கிலோ, அதுக்கு மேல மணல் இழுத்துப் பிடிக்கிற பிடி வேற. நாம ஒரு மீட்டருக்கு மேல நீளமான காம்பை வச்சு நெம்புறோம், அந்த பலம் மொத்தமும் சாக்கெட் வாய்லதான் வந்து விழுது. அதனால முழுக் கட்டைக் காம்புல கொஞ்சம் தடிமன் ஏத்தினாலே நிறைய வித்தியாசம், 25 மில்லிமீட்டர்ல இருந்து 32 மில்லிமீட்டருக்குப் போனா வளைவைத் தாங்குற பலம் ரெண்டு மடங்கு.

நான் மரம்தான் போட்டேன். 316 ஸ்டெயின்லெஸ் (உப்புத் தண்ணியை நல்லாத் தாங்குற ரகம்) பைப்பும் நல்லாத்தான் இருக்கும், ஆனா கனம், காசும் ஜாஸ்தி. அலுமினியம் மறுபடி வேண்டவே வேண்டாம், உப்புத் தண்ணில ஸ்டெயின்லெஸ்ஸோட ஒட்டி இருந்தா அலுமினியம்தான் அரிச்சுப் போகும், என் பழைய பைப்பைக் கழட்டினா உள்ள வெள்ளை வெள்ளையா மாவு.

ஸ்டெப் 1: பழைய காம்பைக் கழட்டிட்டு சாக்கெட்டோட உள் விட்டத்தையும் ஆழத்தையும் அளந்துக்கோங்க. என்னோடதுல மெல்லிசு பைப் ஆடாம இருக்க ஒரு பிளாஸ்டிக் புஷ் (இடைவெளியை அடைக்கிற வளையம்) சொருகியிருந்தாங்க, அதை எடுத்ததும் 32 மில்லி இடம் கிடைச்சுது.

ஸ்டெப் 2: ஹார்ட்வேர் கடைல ஷவலுக்குப் போடுற காம்பு தனியா கிடைக்கும், இங்க ஸ்பாட்டட் கம் மரம் நல்லது. முதல்ல கிடைச்சதை எடுத்துட்டு வந்துடாதீங்க. ஒரு கண்ணை மூடிட்டு நீளவாக்குல பாருங்க, நார் ஒரு முனைல இருந்து மறு முனை வரைக்கும் நேரா ஓடணும், பாதிலயே பக்கவாட்டுல வெளிய ஓடிடுச்சுன்னா அந்த இடத்துல பொளந்துக்கும். கடைக்காரர் ஒரு மாதிரி பாப்பார், பாத்துட்டுப் போகட்டும், நான் ஏழெட்டு காம்பைப் பொறட்டிப் போட்டுத்தான் ஒண்ணு எடுத்தேன்.

ஸ்டெப் 3: இதுலதான் பொறுமை வேணும். காம்பு பொதுவா சாக்கெட்டை விடத் தடியாத்தான் இருக்கும், அரம் வச்சு ராவி இறக்கணும். எங்க தாத்தா மம்பட்டிக்குக் காம்பு போடும்போது பண்ற வேலைதான், சாக்கெட் உள்ள கரியைத் தடவிட்டு காம்பைச் சொருகி ஒரு திருகு திருகி வெளிய எடுங்க, எங்கெல்லாம் கறுப்பு ஒட்டியிருக்கோ அங்க மட்டும் ராவுங்க, திரும்பச் சொருகுங்க. எனக்கு ஒம்பது பத்து தடவை ஆச்சு. சுத்தியலால தட்டினாத்தான் கடைசி ரெண்டு விரக்கடை இறங்கணும், அந்த அளவுக்கு டைட். முக்கியமா, சாக்கெட் வாய்கிட்ட படிக்கட்டு மாதிரி ஒரு வெட்டு விட்றாதீங்க, உடைஞ்சா அங்கதான் உடையும், வாய்க்கு மேல 10 சென்டிமீட்டர் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா தடிமன் ஏறுற மாதிரி சரிவா இழைங்க. கடைசியா அடிச்சு இறக்கும்போது முனைல தெரியுற வளையக் கோடுகள் முன்னும் பின்னுமா, அதாவது நீங்க நெம்புற திசைலயே ஓடுற மாதிரி திருப்பி வச்சுக்கோங்க.

ஸ்டெப் 4: ஓட்டை. நிறைய பேர் முன்பக்கத்துல இருந்து பின்பக்கமா ஓட்டை போட்டு போல்ட் மாட்டுவாங்க, பாக்க வசதியாத்தான் இருக்கும், ஆனா நெம்பும்போது ஒரு பக்கம் இழுபடும், எதிர்ப்பக்கம் நசுங்கும், சரியா அந்த ரெண்டு இடத்துலயும் மரத்தைக் குடைஞ்சு எடுத்துட்டா பலம் எங்க இருக்கும்? இடதுல இருந்து வலதா போடுங்க, நடுக்கோட்டுல பெருசா இழுப்பும் இல்ல அமுக்கும் இல்ல. சாக்கெட் வாய்ல இருந்து குறைஞ்சது 4 சென்டிமீட்டர் கீழ தள்ளிப் போடுங்க.

ஸ்டெயின்லெஸ்ஸை ட்ரில் பண்றப்போ கோபால்ட் பிட், மெதுவான ஸ்பீடு, நல்ல அழுத்தம், ரெண்டு சொட்டு எண்ணெய். வேகமா சுத்த விட்டீங்கன்னா வெட்டாம தேய்ச்சு அந்த இடமே கெட்டியாயிடும், அப்புறம் எந்த பிட்டும் இறங்காது, நான் ரெண்டு பிட்டை இப்படித்தான் கருக்கினேன். முதல்ல 3 மில்லி, அப்புறம் 8 மில்லி. சாக்கெட் அடி மூடியிருந்தா தண்ணி வடிய ஒரு சின்ன ஓட்டையும் போட்டுடுங்க, இல்லன்னா முனை ஊறிப்போய் அழுகும்.

ஸ்டெப் 5: காம்பைத் திரும்ப உருவி, முனை, போல்ட் ஓட்டை எல்லா இடத்துலயும் ஆளிவிதை எண்ணெய் தாராளமா விட்டு, ஒரு ராத்திரி ஊற விட்டு, ரெண்டு மூணு கோட்டு குடுங்க. வார்னிஷ் வேண்டாம், ஈரக்கைக்கு வழுக்கும். எண்ணெய் துடைச்ச துணியை மட்டும் கசக்கி மூலைல போட்டுடாதீங்க, தானாவே சூடேறி தீப்பிடிக்கும், விளையாட்டுக்குச் சொல்லல, வெளிய விரிச்சுக் காயப்போடுங்க.

ஸ்டெப் 6: அடிச்சு இறக்கி 316 எம்8 (8 மில்லி) போல்ட், ரெண்டு பக்கமும் வாஷர், நைலாக் நட்டு (தானா கழலாம இருக்க உள்ள நைலான் வளையம் வச்சது). ஸ்டெயின்லெஸ்ல ஸ்டெயின்லெஸ் நட்டு போட்டா மரை கடிச்சுப் பிடிச்சுக்கும், அதனால மரைல கொஞ்சம் ஆன்டி-சீஸ் பசை தடவிக்கோங்க. நட்டு பக்கம் உங்க மிதிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும், என் கணுக்கால்ல இன்னும் தழும்பு இருக்கு.

நீளத்தை இப்பதான் வெட்டணும். பீச் செருப்போ பூட்ஸோ எது போட்டுட்டுப் போவீங்களோ அதோட நின்னு ஸ்கூப்பைத் தரைல வச்சுப் பாருங்க, மேல் முனை நெஞ்சுக்கும் தோளுக்கும் நடுவுல வந்தா எனக்குச் சரியா இருக்கு. வெட்டின முனைலயும் எண்ணெய் விடுங்க, மேல ஆரஞ்சு கலர் டேப் ஒரு சுத்து.

முதல் தடவை காலைலயே போயிடுங்க, மத்தியானம் ஃப்ரீமேன்டில் டாக்டர், அதான் இங்க அடிக்கிற கடல் காத்து, ஏறிடுச்சுன்னா அலைல நின்னு எதையும் டெஸ்ட் பண்ண முடியாது. கரையோர ஈர மணல்ல பாதி ஸ்கூப் அள்ளிப் பாருங்க, கிர்ர்னு சத்தம் வந்தா பொருத்தம் லூசு. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணில கழுவிடுங்க, மரம் ஊறி ஊறிக் காயும், அதனால முதல் ரெண்டு ட்ரிப்புக்கு அப்புறம் நட்டைக் கட்டாயம் ஒரு கால் சுத்து இறுக்கணும்.