‘ஸோஸோ’ படும் பாடு

புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தில் ‘ஸோஸோ’ என்றொரு வினைச்சொல் நூறு தடவைக்கு மேல் வருகிறது. இரண்டாவது ‘ஸோ’வை வண்டு ரீங்கரிப்பதுபோல் ஒலிக்க வேண்டும், அந்த ஒலிக்குத் தமிழில் எழுத்தில்லை. ஆங்கிலத்தில் பெரும்பாலும் ‘சேவ்’, ‘பழைய திருப்புதல்’ என்னும் நம் பழைய தமிழ் வேதாகமத்தில் பெரும்பாலும் ‘இரட்சி’. கிரேக்கம் அரைகுறையாகக் கற்றவர்கள் முதலில் கை வைப்பது இந்தச் சொல்லில்தான்.

பிரசங்க மேடைகளில் அடிக்கடி கேட்கும் வாதம் இது: ‘ஸோஸோ என்ற சொல்லுக்குள் பாவமன்னிப்பும் இருக்கிறது, நோய் தீர்வதும் இருக்கிறது, ஆபத்திலிருந்து விடுதலையும் இருக்கிறது, ஆகவே இரட்சிக்கப்பட்ட எவருக்கும் உடல்நலம் உரிமை.’ கேட்க இனிக்கிறது. ஆனால் எந்த மொழியிலும் சொற்கள் அப்படி வேலை செய்வதில்லை. தமிழில் ‘எடு’ இருக்கிறதே: படம் எடுக்கிறோம், வாடகைக்கு வீடு எடுக்கிறோம், பசி எடுக்கிறது, வாந்தியும் எடுக்கிறோம். ‘கல்யாணத்தில் படம் எடுத்தான்’ என்றால் பந்திக்குப் பின் வாந்தியும் எடுத்தான் என்று யாரும் சேர்த்துப் படிப்பதில்லை. ஒரு சொல்லுக்குப் பல பொருள் உண்டு என்பது வேறு. ஓரிடத்தில் அத்தனை பொருளும் ஒன்றாக வந்து இறங்கும் என்பது வேறு.

சந்தேகமிருந்தால் புதிய ஏற்பாட்டின் அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரத்துக்குப் போகலாம். புயலில் சிக்கிய கப்பலில் 276 பேர். நள்ளிரவில் கரை நெருங்குவதை உணர்ந்த கப்பலாட்கள், முன்புறத்தில் நங்கூரம் போடுவதுபோல் பாசாங்கு செய்து படகை இறக்கித் தப்பப் பார்க்கிறார்கள். இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் பிழைக்க மாட்டீர்கள் என்று பவுல் நூற்றுக்கு அதிபதியிடம் (ரோமப் படைத்தலைவனிடம்) சொல்கிறார். அந்தப் ‘பிழைக்க’ என்ற இடத்தில் இருப்பது ஸோஸோதான். சேவகர்கள் உடனே படகின் கயிறுகளை அறுத்துவிடுகிறார்கள். அங்கே பேச்சு பாவமன்னிப்பைப் பற்றியதல்ல. நீரில் மூழ்காமல் கரை சேர்வதைப் பற்றியது. தமிழ் மொழிபெயர்ப்பாளர்களும் ‘இரட்சி’யை ஒதுக்கி, ‘தப்பிப் பிழைக்க’ என்றே போட்டார்கள். சரியாகச் செய்தார்கள்.

இந்தத் தவறு பிறக்கும் இடம் பெரும்பாலும், வேதாகமச் சொற்களுக்கு எண் கொடுத்துத் தொகுத்த ஸ்ட்ராங் ஒத்தவாக்கிய அகராதி. 1890இல் வெளிவந்த அந்த உழைப்பைக் குறை சொல்லவில்லை. அதைப் படிக்கும் முறைதான் கோளாறு. 4982ஆம் எண்ணைத் திறந்தால், குணமாக்குதல், காத்தல், இரட்சித்தல், நலமடைதல் என்ற தொனியில் ஒரு வரிசை இருக்கும். அது உணவகத்தின் பட்டியல் அல்ல, பிடித்ததைக் கேட்டு வாங்க. கிங் ஜேம்ஸ் என்னும் பழைய ஆங்கில வேதாகமத்தின் மொழிபெயர்ப்பாளர்கள் வெவ்வேறு வசனங்களில் அந்தச் சொல்லை எப்படி எப்படி ஆங்கிலப்படுத்தினார்கள் என்பதன் பதிவு, அவ்வளவே.

ஆங்கிலத்தை மட்டும் நம்பிப் போவோருக்கு வேறொரு பள்ளம் காத்திருக்கிறது. எரிகோ அருகே பார்வை பெற்ற குருடனிடம் இயேசு சொல்வது மாற்கு 10:52இலும் லூக்கா 18:42இலும் கிரேக்கத்தில் ஒரே வாக்கியம். 1611ஆம் ஆண்டின் கிங் ஜேம்ஸில் மாற்கு, உன் விசுவாசம் உன்னை ‘ஹோல்’ (whole) ஆக்கியது என்கிறார். லூக்கா, ‘சேவ்’ செய்தது என்கிறார். மூலத்தில் இல்லாத வேறுபாடு இது. ஆனால் ‘ஹோல் என்றால் முழுமை, வெறும் குணமாவதைவிட மேலான நிலை’ என்று ஒரு மணி நேரம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய ஆங்கில வழக்கில் ‘ஹோல்’ என்றால் நோயின்றி நலமாக இருப்பது. அதற்குமேல் அதில் புதையல் இல்லை. தமிழ்ப் பழைய திருப்புதல் இரண்டு இடத்திலும் ‘இரட்சித்தது’ என்றே வைத்திருப்பதால், இந்த விஷயத்தில் தமிழ் வாசகர் தப்பித்தார்.

எல்லா விஷயத்திலும் தப்பவில்லை. பெரும்பாடுள்ள, அதாவது இரத்தப்போக்கு நோயுள்ள, பெண்ணிடம் இயேசு சொன்னதும் (மாற்கு 5:34), பாவியான பெண்ணிடம் சொன்னதும் (லூக்கா 7:50) கிரேக்கத்தில் ஒன்றே. பழைய திருப்புதல் இரண்டிலும் ‘இரட்சித்தது’. இன்னொரு தமிழ் மொழிபெயர்ப்பான திருவிவிலியமோ முன்னதில் நம்பிக்கை குணமாக்கியதாகவும், பின்னதில் மீட்டதாகவும் பிரித்துச் சொல்கிறது. முதல் முறையில் சொல்லின் ஒற்றுமை தெரிகிறது, இடத்தின் பொருள் மங்குகிறது. இரண்டாவதில் நேர் எதிர். ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மற்றதைத் தப்பு என்று சாதிப்பதுதான் தப்பு.

அப்படியானால் ஓரிடத்தில் இரண்டு பொருள் தொனிக்கவே தொனிக்காதா? தொனிக்கலாம். லூக்கா 17இல் பத்துக் குஷ்டரோகிகளும் சுத்தமானார்கள். திரும்பி வந்தவன் ஒருவன், அதுவும் சமாரியன். அவனிடம் மட்டும் இயேசு ஸோஸோவைச் சொல்கிறார். தோல் சுத்தமானது மற்ற ஒன்பது பேருக்கும் பொதுவாயிற்றே. இவனுக்குக் கூடுதலாக ஏதோ கிடைத்தது என்று படிக்க இடமிருக்கிறது. நானும் அப்படித்தான் படிக்கிறேன். ஆனால் அந்தக் கூடுதலைத் தருவது கதை; அகராதி அல்ல.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: எங்கே கண்டாலும் ஆத்தும மீட்பு என்றே எடுப்பது. நோயுற்றிருந்த லாசரு தூங்குகிறான் என்று இயேசு சொன்னதும் சீடர்கள், தூங்கினால் ‘ஸோஸோ’ ஆவான் என்கிறார்கள் (யோவான் 11:12). காய்ச்சல்காரன் நன்றாகத் தூங்கினால் தேறிவிடுவான் என்று நம் வீட்டுப் பாட்டி சொல்வதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

காலத்தையும் கவனிக்க வேண்டும். ‘இரட்சிக்கப்பட்டாயா?’ என்று கேட்டுக் கேட்டு, இந்த வினை இறந்தகாலத்துக்கே உரியது என்ற எண்ணம் பதிந்துவிட்டது. எபேசியர் 2:8 நடந்து முடிந்து நிலைத்திருப்பதைச் சொல்கிறது; ரோமர் 5:9 இனி நடக்கப்போவதைச் சொல்கிறது. 1 கொரிந்தியர் 1:18இல் நிகழ்காலம். அங்கே கிங் ஜேம்ஸ் அதை மழுப்பிவிட, தமிழ் ‘இரட்சிக்கப்படுகிற நமக்கோ’ என்று கிரேக்கத்தை ஒட்டி நிற்கிறது.

சிறியதாக ஒன்று: கிங் ஜேம்ஸ் ஆங்கிலத்தில் ‘சேவ்’ சில இடங்களில் வினையே அல்ல, ‘தவிர’ என்று பொருள். இயேசு கிறிஸ்துவைத் தவிர வேறொன்றையும் அறியாதிருக்கத் தீர்மானித்தேன் என்னும் 1 கொரிந்தியர் 2:2இல் வருவது அதுதான். அங்கே ஸோஸோவைத் தேடினால் கிடைக்காது.

இவ்வளவு பார்த்த பிறகும் பிடி கொடுக்காத இடம் ஒன்று உண்டு. பிலிப்பி நகரச் சிறை, உள்ளே பவுலும் சீலாவும், நள்ளிரவு, பூகம்பம். கைதிகள் ஓடிவிட்டார்கள் என்று எண்ணித் தன்னை வெட்டிக்கொள்ள வாளை உருவிய சிறைக்காரன், அவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் நடுங்கி வந்து கேட்கிறான்: நான் ‘ஸோஸோ’ ஆக என்ன செய்ய வேண்டும்? மேலதிகாரிகளின் தண்டனைக்குத் தப்புவதையா கேட்டான்? கைதிகள் அத்தனை பேரும் உள்ளேயே இருக்க, அந்தப் பயம் எதற்கு? பூமியை அசைத்த கடவுளின் கோபத்துக்குத் தப்புவதைக் கேட்டிருக்கலாம். பவுலும் சீலாவும் அவன் எந்தப் பொருளில் கேட்டான் என்று விசாரிக்கவில்லை. அதே வினையை எடுத்து, தாங்கள் கொண்ட பொருளில், அவனுடைய வீட்டாரையும் சேர்த்துப் பதில் சொன்னார்கள்.