போரில் மூழ்கிய கரையோர நீராவிக் கப்பலின் கதையைத் தேடுவது எப்படி?

பெரிய போர்க்கப்பல்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டார்கள். துறைமுகத்துக்குத் துறைமுகம் ஆளையும் அஞ்சலையும் ஏற்றிச் சென்ற கரையோரக் கப்பல்களின் கதையை நாம்தான் துண்டு துண்டாகச் சேர்க்கவேண்டும். ‘கரிபூ’ என்ற கப்பலை வைத்தே செய்து பார்ப்போம்.

படி 1: எந்தக் கப்பல் என்று உறுதிசெய்யுங்கள்

ஒரே பெயரில் பல கப்பல்கள் இருக்கும். பெயரோடு கட்டிய ஆண்டு, உரிமையாளர், ஓடிய தடம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நம் கரிபூ 1925-இல் நெதர்லாந்தில் கட்டப்பட்டது. கனடாவின் கிழக்கே உள்ள தீவான நியூஃபவுண்ட்லாந்தின் ரயில்வேக்குச் சொந்தம். நார்த் சிட்னிக்கும் அந்தத் தீவின் போர்ட் ஓ பாஸ்க் துறைமுகத்துக்கும் இடையே ஓடியது. இந்த சிட்னி கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவுக்குப் போய்விடாதீர்கள்!

பிரிட்டிஷ் பதிவுக் கப்பல் என்றால் ‘அதிகாரபூர்வ எண்’ ஒன்று இருக்கும். பெயர் மாறினாலும் கை மாறினாலும் அந்த எண் மாறாது.

படி 2: பதிவேட்டைப் பாருங்கள்

கப்பல்களின் விவரங்களைத் தொகுத்து வெளியிடும் லாயிட்ஸ் பதிவேட்டின் பழைய தொகுதிகளில் நீளம், இயந்திரம், டன் கணக்கு எல்லாம் கிடைக்கும். கரிபூ 2,222 மொத்த டன். இது எடை என்று நினைத்துப் புதியவர்கள் ஏமாறுவதுண்டு. உண்மையில் இது கொள்ளளவு: ஒரு டன் என்பது 100 கன அடி.

படி 3: மூழ்கிய இரவை இரு தரப்பிலிருந்தும் படியுங்கள்

நேரம் அதிகம் பிடிப்பது இந்தப் படிதான், சுவையும் இதில்தான்.

1942 அக்டோபர் 13 இரவு நார்த் சிட்னியிலிருந்து கிளம்பிய கரிபூவை, 14 அதிகாலையில் யூ-69 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி டார்பிடோ ஏவி மூழ்கடித்தது. காவலுக்கு வந்தது கிராண்ட்மேர் என்ற சிறிய கண்ணிவாரிக் கப்பல் (கடலில் கண்ணிவெடிகளை அகற்றும் கப்பல்). நீர்மூழ்கியின் தளபதியோ தான் கண்டது சுமார் 6,500 டன் கப்பல் என்றும், கூட வந்தது இரண்டு புகைபோக்கி கொண்ட டெஸ்ட்ராயர் என்ற வேகமான போர்க்கப்பல் என்றும் தன் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். பொய் சொன்னார் என்று முடிவுகட்ட வேண்டாம். இருட்டில் கண்ணுக்குப் பட்டது அவ்வளவுதான். தாக்கியவரின் குறிப்பை நேரத்துக்கும் இடத்துக்கும் பயன்படுத்துங்கள். கப்பலின் அளவைப் பதிவேட்டிலிருந்தே எடுங்கள்.

நேரத்திலும் ஒரு பொறி உண்டு. ஜெர்மன் நீர்மூழ்கிகள் எந்தக் கடலில் திரிந்தாலும் குறிப்பை ஜெர்மனி நேரத்தில்தான் எழுதின. நியூஃபவுண்ட்லாந்து நேரம் நோவா ஸ்கோஷியாவைவிட அரை மணி முந்தியது. ஆக, ஒரே வெடிப்புக்கு மூன்று கடிகாரங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்துக்கு மாற்றி ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். முரண்போலத் தெரிந்தவற்றில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

யூ-69-உம் 1943 பிப்ரவரியில் மூழ்கியது, ஒருவரும் பிழைக்கவில்லை. போருக்குப் பிறகு அந்தத் தளபதியைக் கேட்க வழியில்லை, அவருடைய குறிப்புதான் மிச்சம்.

படி 4: ஆட்களைத் தேடுங்கள்

இறந்தவர்கள் 136 என்று சில நூல்களும் 137 என்று சில நூல்களும் சொல்லும். உங்களுக்குப் பிடித்த எண்ணைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இரண்டையும் எழுதி, எது எங்கே வந்தது என்று பக்கத்தில் குறியுங்கள். பயணிகள், மாலுமிகள், படைவீரர்கள் எனப் பட்டியல்கள் தனித்தனியாக இருக்கும். மாலுமிகள் பட்டியலில் கேப்டன் பெஞ்சமின் டேவர்னரின் பெயரோடு அவருடைய இரண்டு மகன்களின் பெயரும் வரும். மூவரும் அந்த இரவில் இறந்துபோனார்கள். அந்த இடத்தில் கொஞ்சம் பேனாவைக் கீழே வைக்கத் தோன்றும்.

இன்னொன்று: நியூஃபவுண்ட்லாந்து கனடாவோடு சேர்ந்தது 1949-இல்தான். ஆகவே கனடாவின் ஆவணக்காப்பகத்தோடு நிறுத்தாமல், நியூஃபவுண்ட்லாந்தின் ஆவணங்களையும் தனியாகப் பாருங்கள்.

படி 5: பிற்காலப் பெயர்களைக் கவனியுங்கள்

பின்னாளில் கரையோரக் கப்பல் ஒன்றுக்கு ‘டேவர்னர்’ என்று பெயரிட்டார்கள். 1986-இல் அதே தடத்துக்கு வந்த பெரிய படகுக்கும் ‘கரிபூ’ என்றே பெயர். அதனால் இணையத்தில் தேடும்போது பெயருடன் 1925 அல்லது 1942 என்று சேர்த்தே தட்டுங்கள். இல்லாவிட்டால் கார் ஏற்றும் படகின் படங்கள்தான் வந்து நிற்கும்.