கிடேரிக் கன்றுக்கு சினை ஊசி: எந்த மாட்டுக்கு, எந்த நேரத்தில்?

பாலினம் பிரித்த உறைவிந்தைப் போட்டால், பிறக்கும் பத்துக் கன்றில் ஏறக்குறைய ஒன்பது கிடேரியாக, அதாவது பெண் கன்றாக இருக்கும். பெண் கன்று தரும் எக்ஸ் விந்தணுவில், காளைக் கன்று தரும் ஒய் விந்தணுவைவிடச் சுமார் 4 சதவீதம் டிஎன்ஏ கூடுதல். சாயமேற்றி லேசர் ஒளியில் ஒவ்வொன்றாக ஓடவிட்டு, அந்தச் சிறு வித்தியாசத்தைக் கொண்டே இயந்திரம் பிரிக்கிறது. ஊட்டியில் உள்ள மாவட்டக் கால்நடைப் பண்ணையிலேயே இதற்கான ஆய்வகம் உண்டு.

ஆனால் உறைவிந்தை அடைத்து வைக்கும் மெல்லிய குழல்தான் குச்சி. சாதாரணக் குச்சியில் சுமார் 2 கோடி விந்தணு என்றால், இதில் 20 லட்சம் அளவில்தான். பிரிக்கும்போது அடிபடுவதால் கருப்பைக்குள் அவை அதிக நேரம் தாங்குவதும் இல்லை. சினை பிடிப்பது சற்றுக் குறைவதற்கு இதுவே காரணம்.

ஆகவே நல்ல மாட்டுக்கு மட்டும் போடுங்கள். நோயில்லாத கிடேரியும், முதல் இரண்டு ஈத்து மாடும் ஏற்றவை. கலப்பினக் கிடேரி 250 கிலோ எடையாவது இருக்கட்டும். கன்று போட்ட மாடு என்றால் 60 நாள் கழியட்டும். நஞ்சுக்கொடி தங்கிய மாடு, வழும்பில் (பிறப்புறுப்பிலிருந்து வழியும் கோழையில்) சீழ் தெரியும் மாடு, மூன்று ஊசிக்கும் சினை நிற்காத மாடு ஆகியவற்றுக்கு முதலில் வைத்தியம்தான் தேவை.

பெரும்பாலும் தவறுவது நேரத்தில். மாடு பருவத்துக்கு வந்ததற்கு, கத்துவதும் பால் குறைவதும் துணை அறிகுறிகளே. இன்னொரு மாடு மேலே தாவும்போது நகராமல் நிற்கிறதே, அதுதான் உறுதியான அறிகுறி. வழும்பு கண்ணாடிபோல் தெளிந்து, அறுபடாமல் தொங்கும். விடியற்காலையிலும் இரவு ஒன்பது மணிவாக்கிலும் பாருங்கள். கோடையில் பகலில் ஒன்றுமே தெரியாமல் போகலாம். சாதாரண ஊசிக்குக் காலையில் பருவம் கண்டால் மாலை, மாலையில் கண்டால் மறுநாள் காலை என்பது வழக்கம். இந்த ஊசியை இன்னும் தள்ளி, மாடு நிற்கத் தொடங்கி 18 முதல் 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். முட்டை வெளிவருவது சுமார் 28 மணி நேரத்துக்குப் பிறகு. முந்திப் போட்டால் அதற்குள் விந்தணு செத்துவிடும்.

பருவம் முடிந்து இரண்டு மூன்று நாளில் ரத்தம் கசிந்தால் சினை கலைந்ததாகப் பதற வேண்டாம். அது இயல்பு. அன்று ஊசி போட்டுப் பயனில்லை. தேதியைக் குறித்துவைத்து 18ஆம் நாளிலிருந்து கவனியுங்கள்.

ஊசி போடும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். மைனஸ் 196 டிகிரி நைட்ரஜனிலிருந்து எடுத்த குச்சியை 37 டிகிரி வெந்நீரில் 30 விநாடி வைக்க வேண்டும். கையில் தேய்த்தோ சட்டைப்பையில் போட்டோ உருக்குவது கூடவே கூடாது. ஈரம் போகத் துடைத்த பிறகே நறுக்க வேண்டும். ஒரு சொட்டு நீர் உள்ளே போனாலும் விந்தணு சாகும். உருக்கியதை வெயில் படாமல் ஐந்து நிமிடத்துக்குள், கருப்பை வாயைத் தாண்டியவுடன் மெதுவாகச் செலுத்த வேண்டும்.

21ஆம் நாள் பருவத்துக்கு வராவிட்டால் மட்டும் சினை உறுதியாகாது. ஸ்கேனில் 30 நாளுக்குமேல் தெரியும். கைவிட்டுப் பார்க்க 60 நாளாவது ஆகட்டும். சினை மாடுகளில் சில பருவ அறிகுறி காட்டுவதும் உண்டு. சோதிக்காமல் மறுபடி ஊசிக்குழலை விட்டால் கரு கலைந்துவிடக்கூடும்.